கண்மாய் நிறைந்த பிறகு கூடு கட்டும் நாரை: கடலோரச் சிறு வியாபாரிகளுக்குத் திட்டமிடல் பற்றி

மண்டபத்தில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா, போன தை மாதம் ஒரு வங்கிப் படிவத்தோடு என்னிடம் வந்தார். நான் இந்தக் கரையில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன். மீன் காயப்போட இரண்டாவதாக ஒரு சிமெண்டுக் களம் கட்ட அவர் கடன் கேட்டிருந்தார். அடுத்த ஓராண்டுக்கான வரவு செலவுத் திட்டம் வேண்டும் என்று வங்கியில் சொல்லியிருந்தார்கள். படிவத்தில் பன்னிரண்டு கட்டங்கள். பன்னிரண்டிலும் ஒரே எண் எழுதியிருந்தது: 80,000.

"இதை யார் எழுதியது அக்கா?"

"மகன்தான் தம்பி. போன வருஷத்து மொத்த வியாபாரத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் போட்டான்."

கூட்டிப் பார்த்தால் தொகை சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவரால் ஒரு வாரம்கூடக் கடை நடத்த முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017க்கு முன்பு அது 45 நாளாக இருந்தது. அந்த நாட்களில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகுகள் போகும் என்றாலும், காயப்போடும் அளவுக்கு நெத்திலியும் காரலும் சாளையும் குவிந்து வருவது நின்றுவிடும். அதே வேளையில் பச்சை மீன் குறைவதால் கருவாட்டுக்குக் கிராக்கி ஏறும். ஆகவே சித்திரை, வைகாசியில் அக்காவுக்கு விற்பனை உண்டு, கொள்முதல் கிடையாது. அந்த விற்பனைக்கான சரக்கை மாசி, பங்குனியிலேயே வாங்கிக் காயவைத்து அடுக்கியிருக்க வேண்டும். அப்போது பணம் வெளியே போய்க்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை இன்னும் வேறு. வடகிழக்குப் பருவமழையில் வெயில் கிடைக்காது, களம் ஈரமாகவே கிடக்கும், அடுக்கி வைத்த சரக்கிலும் பூசணம் பிடிக்கும். இதெல்லாம் அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருபது வருஷமாகத் தெரியும். தெரிந்தது எதுவும் படிவத்துக்குள் வரவில்லை என்பதுதான் குறை.

அன்று அவருக்கு நான் விளக்கிச் சொன்னதைத்தான், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரித்து எழுதுகிறேன். உதாரணத்துக்குப் பெரிய கம்பெனிகளைத் தேடிப் போகவில்லை. நம் கண்மாயிலும் கடலிலும் வாழும் பிராணிகளே போதும்.

திட்டம் என்றதும் பலருக்கு ஒரு தேதியும் ஒரு தொகையும்தான் நினைவுக்கு வருகின்றன. "தீபாவளிக்குள் இரண்டாவது கடை", "அடுத்த வருஷம் பத்து லட்சம்" என்பது போல. அவற்றை ஆசை என்று சொல்லலாம், ஆசைப்படுவது நல்லதுதான். திட்டம் என்று நான் சொல்வது வேறு. இன்ன அறிகுறி தெரிந்தால் இன்னதைச் செய்வேன், அது தெரியாவிட்டால் இன்னதோடு நிறுத்திக்கொள்வேன் என்று, நெருக்கடி வருவதற்கு முன்பே நிதானமான மனதோடு எடுத்து வைக்கும் முடிவுதான் திட்டம். நல்ல வருஷத்துக்கு யாருக்கும் திட்டம் தேவைப்படுவதில்லை, பணமே வழி காட்டிவிடும். கெட்ட வருஷத்தில் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறாரா என்பதைத்தான் நான் ஒவ்வொரு கணக்குப் புத்தகத்திலும் தேடுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். பறவையோ ஆமையோ நம்மைப் போல உட்கார்ந்து யோசித்துத் திட்டம் போடுவதில்லை. காலம் தப்பி முட்டையிட்டவற்றின் குஞ்சுகள் தேறவில்லை, பொருந்திய காலத்தில் இட்டவற்றின் குஞ்சுகள் தேறின. இப்படிப் பல்லாயிரம் தலைமுறைகள் கழிந்து எஞ்சிய வழக்கத்தைத்தான் நாம் இன்று பார்க்கிறோம். ஒரு வியாபாரிக்கு அத்தனை முறை தவறு செய்து பார்க்க வசதியில்லை. கடை ஒன்று, கைமுதல் ஒன்று. ஆகவே ஏற்கெனவே தேறி நிற்கும் வழக்கங்களைக் கவனித்துப் பார்ப்பது அவருக்கு லாபம்.

தண்ணீரைப் பார்க்கும் நாரை

சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை, மேலச்செல்வனூர்-கீழச்செல்வனூர். நம் ராமநாதபுரம் மாவட்டத்துப் பறவைகள் சரணாலயங்களான இவை எல்லாமே அடிப்படையில் பாசனக் கண்மாய்கள். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 1989இல் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டு, 2022இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025இல் சேர்ந்தன. கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டுகின்றன.

நாரையின் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். இரண்டு முதல் ஐந்து முட்டை வரை இடும். அடைகாக்க ஏறக்குறைய ஒரு மாதம். குஞ்சு இறக்கை முளைத்துப் பறக்க இன்னும் இரண்டு மாதம். ஆக மொத்தம் மூன்று மாதத்துக்குக் கண்மாயில் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் இருந்தால்தான் குஞ்சுக்கு ஊட்ட மீன் கிடைக்கும். மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் பூனையும் நாயும் கிட்டே வராது. முட்டையிட்ட பிறகு தண்ணீர் வற்றினால் போட்ட உழைப்பு முழுவதும் வீண். அதனால் கண்மாய் நிரம்பாத வருஷத்தில் அங்கே கூடு விழுவதில்லை. பறவைகள் தண்ணீர் உள்ள வேறு கண்மாய்க்குப் போகின்றன, அல்லது அந்தப் பருவத்தைக் கடந்துபோக விடுகின்றன. நாரைக்கு ஆயுள் நீளம். ஒரு பருவம் குஞ்சு பொரிக்காமல் போவதை அது தாங்கும், உடம்பை இழப்பதைத்தான் தாங்காது.

அக்கா கேட்ட சிமெண்டுக் களத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தோம். "பங்குனியில் களம் கட்டுவேன்" என்று அவர் முதலில் சொன்னார். பங்குனி என்பது தேதி, அறிகுறி ஆகாது. அப்படியானால் அவருடைய கண்மாயில் தண்ணீர் எது? கட்டுமானச் செலவு போகக் கையில் என்ன மிஞ்சும், அது முதல் விற்பனைப் பணம் வந்து சேரும்வரை போதுமா என்பதுதான் தண்ணீர். மீன் வாங்கி, உப்பிட்டு, காயவைத்து, வெளியூருக்கு அனுப்பி, பணம் வசூலாக அவருக்கு எழுபது, எண்பது நாள் பிடிக்கிறது. அத்தனை நாளைக்கும் கைமுதல் நிற்க வேண்டும். கடைசியில் இப்படி எழுதினோம்: களத்துக்கான செலவு போக 1,20,000 ரூபாய் கையில் இருந்து, குறைந்தது இரண்டு வெளியூர்க் கடைக்காரர்கள் முன்பணம் கொடுத்திருந்தால் கட்டுவது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் இந்த வருஷம் கட்டுவதில்லை, பழைய களத்தைப் பழுது பார்ப்பதோடு சரி.

"கட்டுவதில்லை" என்ற வரியை எழுதும்போது அவருக்கு மனம் வரவில்லை. எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த வரி இல்லாத காகிதத்தை என்னால் திட்டம் என்று ஒப்புக்கொள்ள முடியாது. அறிகுறியை எண்ணாக எழுதி வைப்பதும் முக்கியம். "வியாபாரம் சூடு பிடித்தால்" என்று எழுதினால், ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் வரும் கூட்டத்தைப் பார்த்ததுமே சூடு பிடித்துவிட்டதாகத் தோன்றும். நான்கு நாள் மழையில் தரை நனைவதும் கண்மாய் நிறைவதும் ஒன்றாகிவிடாது.

நாரையிடம் இன்னொரு வழக்கம் உண்டு. எல்லா முட்டையும் இட்டு முடிக்கும்வரை அது காத்திருப்பதில்லை, முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்கிவிடும். அதனால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிவதில்லை, மூத்ததும் இளையதுமாக வருகின்றன. இரை நிறைந்த வருஷத்தில் எல்லாம் வளரும். இரை குறைந்தால் இளையது தேறாது, ஆனால் மூத்தவை பிழைக்கும். எல்லாம் ஒரே வயதில் இருந்திருந்தால் குறைந்த இரையை எல்லாமே பங்கிட்டு எல்லாமே வாடியிருக்கும். கேட்கக் கடுமையாகத்தான் இருக்கிறது. சரக்கு விஷயத்தில் நமக்கு இந்தக் கடுமை தேவை. மொத்தக் கொள்முதலையும் ஒரே ஏலத்தில் எடுக்காமல் மூன்று தவணையாக எடுத்தால், முதல் தவணை விற்கும் வேகத்தைப் பார்த்து மூன்றாவதை விட்டுவிடலாம். மூன்றாவதை விடும் உரிமைக்குக் கொடுக்கும் விலைதான், மொத்தமாக எடுத்தால் கிடைக்கும் சிறு தள்ளுபடியை இழப்பது.

கடையின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு வளர வளர வீடு மாற்ற வேண்டும். சிறிய ஓட்டில் வளர்ச்சி தடைப்படும், மிகப் பெரிய ஓட்டைச் சுமப்பதில் தெம்பு முழுவதும் போய்விடும். கரீபியக் கடற்கரையில் இந்த நண்டுகள் ஒரு காலி ஓட்டின் அருகே பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாக நின்று, பெரிய நண்டு புது ஓட்டுக்குள் போனதும் அடுத்தடுத்தவை ஒவ்வொன்றாக இடம் மாறியதை ஆய்வாளர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே பெரிய கடை காலியாகிறது என்றதும் முன்பணம் கொடுக்க ஓடுகிறவர்கள், அந்த வாடகையைச் சுமந்துகொண்டு நடக்க முடியுமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பறப்பதற்கு முன் உடம்பைத் தயாரிக்கும் மூக்கன்

பனிக்காலத்தில் நம் கரையின் சேற்றுத் திட்டுகளில் நீண்ட அலகைச் சொருகி இரை தேடும் பறவைகளில் பட்டைவால் மூக்கனும் ஒன்று. வடக்கே வெகுதூரத்தில் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வரும். இதே இனத்தைச் சேர்ந்த, அலாஸ்காவில் பிறந்து ஐந்தே மாதமான ஒரு பறவை 2022 அக்டோபரில் அங்கிருந்து கிளம்பி, எங்கும் இறங்காமல் 11 நாள் பறந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் போய் இறங்கியது. முதுகில் பொருத்தியிருந்த சிறு கருவி காட்டிய தூரம் 13,560 கிலோமீட்டர். பசிபிக் கடலுக்கு மேலே அதற்கு உட்கார இடம் கிடையாது, தண்ணீரில் மிதந்து இளைப்பாறவும் முடியாது. போகும் வழியில் ஒரு கவளம் இரைகூட இல்லை.

அது எப்படி முடிகிறது? கிளம்பும் முன்பு சில வாரங்கள் இடைவிடாமல் தின்று, உடம்பு எடையில் பாதிக்கு மேல் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்கிறது. என்னை வியக்க வைப்பது அதற்கு அடுத்த வேலை. பயணத்தில் இரை கிடையாது என்பதால் இரைப்பை, குடல், ஈரல் முதலிய உறுப்புகளைச் சுருக்கிக்கொள்கிறது. பறக்க வேண்டிய நெஞ்சுத் தசையையும் இதயத்தையும் வலுவாக்கிக்கொள்கிறது. போய் இறங்கியதும் சுருங்கிய உறுப்புகள் மறுபடி வளர்கின்றன.

வியாபாரத்தில் கையிருப்பு என்று சொல்வது இந்தக் கொழுப்பைத்தான். எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு, பொத்தாம் பொதுவாக "முடிந்தவரை" என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன். வியாபாரமே நடக்காவிட்டாலும் மாதம் பிறந்தால் கொடுத்தே ஆக வேண்டியவை எவை என்று எழுதிப் பாருங்கள். அக்காவின் கணக்கில் கடை வாடகை 4,000, மின்சாரம் 1,000, நிரந்தர ஆள் ஒருவரின் கூலி 7,000, கடன் தவணை 3,000. மொத்தம் 15,000. அவருடைய பசிபிக் கடல் ஐப்பசியும் கார்த்திகையும். இரண்டு மாதத்துக்கு 30,000. மீதிப் பத்து மாதமும் மாதத்துக்கு 3,000 எடுத்து வைத்தால் கடலைத் தாண்டிவிடலாம். பெரிய சூத்திரம் எதுவும் இல்லை. ஆனால் இந்த 3,000 ரூபாய் எடுத்து வைக்கப்படாததால் மழைக்காலத்தில் தண்டல்காரரிடம் போய் நின்றவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். தண்டலில் வாங்கிய பணத்தின் வட்டி, தையில் வெயில் வந்த பிறகும் விடாமல் கூடவே வருகிறது.

அந்தச் சேமிப்பு எரிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வீட்டு மனையில் போட்ட பணமும், தள்ளிப் போகும் சீட்டில் மாட்டிக்கொண்ட பணமும் சொத்துதான். கார்த்திகையில் கூலி கொடுக்க உதவாது. பறவை கொழுப்பாக வைத்திருக்கிறது, ஏனென்றால் பறந்துகொண்டே அதை எரிக்க முடியும்.

சுருக்குவதிலும் மூக்கன் கற்றுத் தருவது உண்டு. பணம் தட்டுப்பட்டதும் பலர் முதலில் ஆளை நிறுத்துகிறார்கள். மீனின் வயிற்றைக் கீறிக் குடலெடுத்து, எந்த மீனுக்கு எவ்வளவு உப்பு என்று கைப்பழக்கத்தில் அறிந்த ஓர் அம்மா அக்காவிடம் வேலை செய்கிறார். அவர்தான் நெஞ்சுத் தசை. மழைக்காலத்தில் அவரை நிறுத்திவிட்டால் தை பிறந்ததும் வேறு கடையில் இருப்பார். இரண்டாவது கிட்டங்கியின் வாடகையும் ஐஸ் பெட்டியின் மின்சாரமும் இரைப்பை. மழைக்கு முன்பே, புரட்டாசியிலேயே அவற்றைச் சுருக்கிவிட வேண்டும். நடுக்கடலில் போய்ச் சுருக்கப் பார்த்தால் நேரமிருக்காது.

காத்திருக்கத் தெரிந்த கணவாய்

ஓட்டுக்கணவாயை நாம் கிலோக் கணக்கில் பார்த்துப் பழகியவர்கள். அதன் புத்தியைப் பற்றி ஐரோப்பாவில் நடந்த ஆய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. இந்தப் பிராணிக்கு நண்டைவிட இறால்தான் அதிகம் பிடிக்கும். தினமும் இரவில் தவறாமல் இறால் கொடுத்தபோது, பகலில் கிடைத்த நண்டை அது குறைத்துத் தின்று வயிற்றில் இடம் வைத்துக்கொண்டது. இறால் ஒருநாள் வரும், ஒருநாள் வராது என்று மாற்றியபோது பகலில் கிடைத்த நண்டை நிறையத் தின்றுகொண்டது.

இரண்டாவது பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காத்திருப்பது நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதற்காகக் காத்திருக்கலாம் என்று கணவாய் பிரித்துக் காட்டுகிறது. தடைக்காலம் ஆண்டுதோறும் அதே தேதியில் வருகிறது. அப்போது கருவாட்டு விலை ஏறும் என்பது இரவு இறாலைப் போல நம்பக்கூடிய விஷயம். ஆகவே பங்குனிக் கடைசியில் வரும் மொத்த வியாபாரியிடம் எல்லாச் சரக்கையும் கொடுத்துவிடாமல் பாதியை நிறுத்தி வைப்பது சரி. "வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வரப்போகிறது" என்று யாரோ சொன்னதை நம்பி நிறுத்தி வைப்பது சரியல்ல. அன்றைக்கு வந்த நண்டைத் தின்றுவிட வேண்டியதுதான்.

மேய்ந்த இடத்தை விட்டுவைக்கும் ஆவுளியா

கடற்பசுவை நம் பக்கம் ஆவுளியா என்பார்கள். பாக் நீரிணையின் வடபகுதியில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை அதற்கான பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022இல் அறிவித்தது. கடற்புல்லை மேய்ந்து வாழும் சாதுவான பிராணி. வளர்ந்த ஆவுளியா ஒரு நாளைக்கு 40 கிலோ வரை புல் தின்னும். கூட்டமாக மேயும் ஆஸ்திரேலியாவின் மோர்டன் விரிகுடாவில், ஒரு புல்வெளியை மேய்ந்து, அது துளிர்த்த பிறகு திரும்ப வந்து மேயும்போது அங்கே மென்மையான, சத்தான இளம்புல் வகையே மிகுந்து வளர்வதைக் கண்டிருக்கிறார்கள். மேய்ச்சலே அங்கு ஒருவகைப் பயிர்த்தொழில் ஆகிவிடுகிறது.

நம் கரையிலேயே இதைச் செய்கிற மனிதர்கள் உண்டு. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூச்சடக்கி முங்கிப் பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அதை முன்னின்று நடத்திய பாம்பன் சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு 2015இல் சர்வதேச அளவிலான சீகாலஜி விருது கிடைத்தது. பாதத்தில் துணியும் செருப்பும் கட்டிக்கொண்டு பவளப்பாறையில் கால் வைத்து இறங்கும் அந்தப் பெண்கள், மீதி 18 நாளும் கடலில் பாசி கிடப்பது தெரிந்தே கரையில் இருக்கிறார்கள். மூலதனத்தைத் தின்னாமல் அதன் வளர்ச்சியை மட்டும் தின்பது என்று கணக்குப் புத்தகங்களில் எழுதும் பாடத்தை இவர்களைவிட நன்றாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

வியாபாரத்தில் புல்வெளி எது என்றால், நமக்குச் சரக்குக் கொடுக்கிறவர்களும் நம்மிடம் வாங்குகிறவர்களும். அவசரத்துக்கு விற்கும் நாட்டுப்படகுக்காரரிடம் ஒவ்வொரு முறையும் அடிமாட்டு விலைக்கு எடுத்தால், அடுத்த பருவத்தில் அவர் வலையை வேறு வியாபாரியிடம் கொட்டுவார். ஆவுளியாவிடம் இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே கன்று ஈனும், அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை ஆகும். இப்படி மெதுவாக மீளும் உயிருக்கு, வலையில் சிக்கிச் சாகும் ஒவ்வொன்றும் பேரிழப்பு. உங்கள் தொழில் அடிபட்டால் மீள எத்தனை மாதம் ஆகும் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். தள்ளுவண்டியில் பணியாரம் விற்பவர் ஒரு வாரத்தில் எழுந்துவிடுவார். ஐஸ் ஃபேக்டரி வைத்தவருக்கு மூன்று வருஷம் ஆகலாம். அவருக்குக் காப்பீடும் கையிருப்பும் பல மடங்கு தேவை.

விளக்கைப் பார்த்து நடக்கும் ஆமைக்குஞ்சு

பங்குனி ஆமை என்று பெயரிலேயே பருவத்தைச் சுமந்துகொண்டு வரும் ஆமை, தனுஷ்கோடி மணலில் இரவில் ஏறிக் குழி தோண்டி நூறு முட்டைக்கு மேல் இடும். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் மணலைக் கீறிக்கொண்டு வெளியே வரும். வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்து, பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுவதை ஒரு முறையாவது போய்ப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் கரிய குஞ்சு, கையில் எடுத்தாலும் காற்றில் நீந்திக்கொண்டே இருக்கும்.

இருட்டில் அதற்குக் கடல் எந்தப் பக்கம் என்று யார் சொல்வது? வெளிச்சம் மிகுந்த அடிவானத்தை நோக்கிப் போ என்பது அதன் உடம்பில் எழுதியிருக்கும் கட்டளை. கரையில் மேடும் செடியும் இருண்டிருக்கும், கடல்மேல் வானம் வெளுத்திருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தவறாத விதி. பிறகு நாம் கடற்கரையில் விளக்குக் கம்பம் நட்டோம். விளக்கு எரியும் கரைகளில் குஞ்சுகள் சாலையை நோக்கி நடந்து சாகின்றன. அவை விதியை மீறவில்லை, மிகச் சரியாகக் கடைப்பிடித்துத்தான் சாகின்றன.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் சித்தப்பா நினைவுக்கு வருகிறார். ராமேஸ்வரம் ரயில் நிலையத்துக்கு வெளியே சங்கு மாலையும் சோழிப் பொருள்களும் விற்றார். கணக்கில் ஒரு குறை சொல்ல முடியாது. எந்த ரயிலுக்கு எவ்வளவு விற்கும், எந்த ஊர்க்காரர் எதை வாங்குவார் என்று விரல் நுனியில் வைத்திருந்தார். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. ரயில்கள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றன. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6இல்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட இரண்டே கால் வருஷமும் யாத்திரிகர்கள் பஸ்ஸிலும் வேனிலும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் இறங்கிய இடம் வேறு. சித்தப்பா முதல் ஏழு மாதம் அதே நேரத்துக்குக் கடை திறந்து, வராத ரயிலுக்குச் சரக்கு அடுக்கினார். சீக்கிரம் சரியாகிவிடும் என்று ஒவ்வொரு மாதமும் நம்பினார். பிறகுதான் வண்டி நிறுத்தும் இடத்துக்கு அருகே ஒரு தட்டி போட்டார். அதற்குள் கைமுதலில் பாதி போயிருந்தது.

ஒவ்வொரு திட்டத்துக்கு அடியிலும் எழுதப்படாத ஒரு நம்பிக்கை இருக்கிறது. ரயில் வரும், மழை ஐப்பசியில் தொடங்கும், தடைக்காலம் 61 நாள்தான் என்பது போல. அதைக் காகிதத்தின் அடியில் ஒரு வரியாக எழுதி வையுங்கள். பக்கத்திலேயே, அது பொய்யானால் எத்தனை நாள் பொறுப்பேன் என்றும் எழுதுங்கள். "ரயில் நின்றால் முப்பது நாள் பார்ப்பேன், அதன் பிறகு கடையை மாற்றுவேன்" என்று சித்தப்பா ஒரு வரி எழுதி வைத்திருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும். ஆமைக்குஞ்சால் விதியைத் திருத்தி எழுத முடியாது. நம்மால் முடியும் என்பதால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அக்காவின் படிவத்துக்கு வருவோம். அன்று மாலை மூன்று மணிநேரம் உட்கார்ந்து பன்னிரண்டு கட்டங்களையும் அழித்து எழுதினோம். ஒரே வரியாக இருந்ததை மூன்றாகப் பிரித்தோம்: கொள்முதல், விற்பனை, சேமிப்பு. மாசி, பங்குனியில் கொள்முதல் மிக அதிகம். சித்திரை, வைகாசியில் கொள்முதல் ஏறக்குறைய இல்லை, விற்பனை உச்சம். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டுமே சொற்பம், சேமிப்பு வரியிலிருந்து 15,000 வீதம் வெளியே போகிறது. களம் கட்டுவதற்கான இரண்டு நிபந்தனைகளைக் கீழே எழுதினோம். இவ்வளவு மேடும் பள்ளமுமாக இருந்தால் கடன் கொடுப்பார்களா என்று அவருக்குப் பயம். எனக்கும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

மறுவாரம் வங்கியில் நானும் கூட இருந்தேன். அதிகாரி படிவத்தைப் புரட்டிவிட்டு, கார்த்திகைக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"இந்த மாதம் வருமானமே இல்லையே அம்மா, தவணையை எப்படிக் கட்டுவீர்கள்?"

"மழையில் கருவாடு காயாது சார்," என்றார் அக்கா. "அந்த மாதத்துத் தவணையை மாசியிலிருந்தே எடுத்து வைத்துக்கொண்டு வருகிறேன். மூன்றாவது வரியைப் பாருங்கள்."